நான் முத்திரை குத்திய துறைமுகம்

"காட்சிக்கு வைக்கப்பட்டுள்ள பொருளின் விளக்க அட்டையில் பிழை உண்டென எவரேனும் எழுத்தில் அறிவித்தால், அறிவித்த நாளிலிருந்து முப்பது நாட்களுக்குள் நூலகம் அவருக்கு எழுத்தில் பதிலளிக்கும்." எங்கள் வட்டார நூலகத்தின் கண்காட்சி விதிகள், ஏழாம் பிரிவு, இரண்டாம் பந்தி. தமிழாக்கம் என்னுடையது. பிரெஞ்சு மூலத்தில் இது இன்னும் அழகாக இருக்கிறது. நிறைவேற்றும் எண்ணமில்லாத வாக்குறுதிக்குப் பிரெஞ்சைப் போலப் பொருத்தமான மொழி இல்லை.

விதிகளை வாசிப்பது என் பழைய நோய். இலங்கைச் சுங்கத்தில் பதினான்கு வருடம், பிறகு மொன்ட்ரியாலில் ஒரு சுங்கத் தரகரின் அலுவலகத்தில் இருபத்தாறு வருடம். ஓய்வுபெற்றவர்கள் தோட்டம் செய்கிறார்கள். இந்த நகரத்தின் நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் மூன்றாம் மாடியில் இருப்பவனுக்குத் தோட்டம் ஏது? நான் படிவங்களை நிரப்புகிறேன். என்னுடையது தீர்ந்துவிட்டால் அயலவர்களுடையதை நிரப்புகிறேன்.

என்னிடம் ஒரு ரப்பர் முத்திரையும் இருக்கிறது. கொழும்புக் கோட்டையில் செய்வித்தது. 'முன்னாள் உதவிச் சுங்க அத்தியட்சகர்' என்று மும்மொழியிலும் வட்டமாக ஓடும், நடுவில் என் பெயர். எங்கள் ஆட்கள் திருமண அத்தாட்சி, பிறப்புப் பதிவு, பள்ளிக்கூடச் சான்றிதழ் என்று எதையாவது கொண்டுவந்து, "ஒருக்கா உறுதிப்படுத்தித் தாங்கோ" என்பார்கள். இந்த நாட்டில் அந்த முத்திரைக்குச் சட்டப் பெறுமதி எதுவும் கிடையாது. அதை ஒவ்வொருவருக்கும் சொல்லிவிட்டுத்தான் குத்துவேன். அவர்களும் கேட்டுக்கொண்டே கடதாசியை நீட்டுவார்கள். வட்ட முத்திரை விழாத கடதாசியை எங்கள் ஆட்கள் கடதாசி என்று ஒத்துக்கொள்வதில்லை.

சென்ற குளிர்காலத்தில் நூலகம் பழைய துறைமுகங்களைப் பற்றி ஒரு கண்காட்சிக்கு ஆயத்தம் செய்தது. யாரோ ஒரு கப்பல் மருத்துவரின் குடும்பம் பெட்டி நிறையப் படங்களைக் கொடுத்திருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஆசியாப் பக்கம் சுற்றியபோது எடுத்தவை. பாதிக்கு மேல் எந்த இடம் என்று எழுதப்படவில்லை. நூலகம் வட்டாரத்துச் சங்கங்களுக்கெல்லாம் கடிதம் போட்டது: உங்கள் ஊராக இருந்தால் அடையாளம் காட்டுங்கள், துறை அறிந்த ஒருவரின் உறுதிமொழியும் இணையுங்கள்.

எங்கள் தமிழ் முதியோர் சங்கத்தின் தலைவர் இரண்டு படங்களின் பிரதிகளோடு வீட்டுக்கு வந்தார். சங்கத்துக்கு அது பொன்விழா ஆண்டு அல்ல. ஆனாலும் ஏதோ ஒரு விழா மலர் அச்சுக்குப் போக இருந்தது.

"அண்ணை, ஒரு சின்ன அலுவல்," என்றார், பனிச்சப்பாத்தைக் கழற்ற முன்பே. "உதைப் பாருங்கோ. ஊர்காவற்றுறை."

சாம்பல் நிறத்தில் ஒரு மங்கல் பிரதி. கரையில் படகுகள், ஓலையோ வைக்கோலோ வேய்ந்த தாழ்ந்த வீடுகள், சுமை இறக்கும் ஆட்கள். எல்லாரும் வெள்ளை உடுப்பு. வெறுந்தலை, உச்சியில் குடுமி.

"ஊர்காவற்றுறை எண்டு உமக்கு ஆர் சொன்னது?"

"குடுமியைப் பாருங்கோ அண்ணை. வெள்ளை வேட்டி. மண் வீடு. வள்ளம். வேறை என்ன வேணும்? முன்னுக்கு நிக்கிறவரை வடிவாப் பாருங்கோ. எங்கடை பூட்டனார் அங்கை துறைமுகத்திலைதான் வேலை செய்தவர். அது எங்கடை குடும்பக் குடுமி."

மனைவி தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். தொலைக்காட்சியில் இலங்கை அணி வழக்கம்போல ஆட்டமிழந்துகொண்டிருந்தது. நான் படத்தைப் பார்த்தது அரை நிமிடம் இருக்கும். முத்திரையை எடுத்து, ஊதி, குத்தினேன். 'மேற்படி படத்திலுள்ளது இலங்கையின் ஊர்காவற்றுறைத் துறைமுகம் என எனது தொழில் அனுபவத்தின் அடிப்படையில் உறுதிப்படுத்துகிறேன்.'

இரண்டாம் படத்தில் ஒரு கோட்டை மதில், கல் வளைவு, அதன்மேல் இரண்டு தட்டுக் கூரை வைத்த பெரிய வாசல். தலைவர் அதையும் விடுவதாக இல்லை.

"இது நல்லூர் இராசதானியின்ரை வாசல்."

"நல்லூரைப் போர்த்துக்கேயன் இடிக்கேக்கை கமெரா கண்டுபிடிக்கேல்லைத் தம்பி."

"அப்பிடியோ," என்றார், கொஞ்சம் ஏமாற்றத்துடன். "அப்ப ஒண்டு காணும்."

நான் நல்லூரைக் காப்பாற்றிவிட்ட திருப்தியில் இருந்தேன். ஊர்காவற்றுறை விடயத்தில் என்ன செய்தேன் என்பது பிறகுதான் தெரிந்தது.

மார்ச் மாதம் கண்காட்சி திறந்தது. துறைமுகப் படத்தை நூலகம் சுவரளவு பெருப்பித்து மாட்டியிருந்தது. கீழே விளக்க அட்டை: 'ஊர்காவற்றுறை, சிலோன்'. எங்கள் சங்கம் இரண்டு வாகனங்களில் வந்து இறங்கியது. கண் கலங்கியவர்கள் கலங்கினார்கள். மற்றவர்கள் செல்பி எடுத்தார்கள். தலைவர் தன் பூட்டனாருக்குப் பக்கத்தில் நின்று அதே மாதிரித் தோளைச் சரித்துப் படம் எடுத்தார். ஒரு சட்டத்தரணி வீட்டு அம்மா தன் மாமனாரின் கொட்டிலைக் கண்டுபிடித்தார். வாசல் படத்தை ஒரு மூலையில் 'இடம் தெரியவில்லை' என்ற அட்டையுடன் மாட்டியிருந்தார்கள். அதன் முன்னால் யாரும் நிற்கவில்லை.

எங்கள் தெரு முனையில் ஒரு டெப்பனர் இருக்கிறது. பால், பியர், லொத்தர்ச் சீட்டு விற்கும் சின்னக் கடை. நடத்துபவர் கொரியப் பெண், அறுபது வயது. எங்கள் ஆட்கள் அவரைக் கடையக்கா என்பார்கள். எனக்கும் அவருக்கும் பொதுவான மொழி இருவரும் பிழையாகப் பேசும் பிரெஞ்சு. எங்கள் ஆட்களிடமிருந்து அவர் இரண்டு தமிழ்ச் சொற்களைப் பிடித்துவைத்திருந்தார். ஒன்று ஆம் என்னும் 'ஓம்', மற்றது பிறகு என்னும் 'பேந்து'. சாமான்களைத் தட்டிப் பார்த்துவிட்டுப் "பேந்து வாறன்" என்று வெளியேறுபவர்கள் வாராவாரம் சொல்லிக்கொடுத்த பாடம்.

கண்காட்சி திறந்து ஒரு வாரத்தில் பால் வாங்கப் போனேன். கடையக்கா மீதிச் சில்லறையைத் தராமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"முசியே, நூலகத்தில் உங்கள் ஊர்ப் படம் பார்த்தேன். உங்கள் ஊர்க் கடல் எங்கே போனது?"

"கடலா?"

"படகெல்லாம் சேற்றில் சரிந்து கிடக்கிறது. கடல் எங்கேயோ போய்விட்டது. உங்கள் ஊரில் கடல் அப்படிப் போகுமா?"

எங்கள் கடல் ஒரு முழம் ஏறும், ஒரு முழம் இறங்கும். அவ்வளவுதான். படகைச் சேற்றில் படுக்கவைத்துவிட்டுக் கண்ணுக்கு எட்டாத தூரம் போகும் கடலை நான் பதினான்கு வருடச் சேவையில் கண்டதில்லை. பாலை அங்கேயே வைத்துவிட்டு நூலகத்துக்கு நடந்தேன்.

சுவரளவு படத்தில் எல்லாமே தெளிவாக இருந்தது. சேறு, சேறு, மேலும் சேறு. பெரிய கப்பல்கள் அடிவானத்தில் பொட்டுப் போல நின்றன. வேட்டி என்று நான் கண்டது கணுக்காலில் கட்டிய தொளதொளத்த கால்சட்டை. சுமையை ஒருவரும் தலையில் வைத்திருக்கவில்லை. ஏணியைப் பாதியில் வெட்டியது போன்ற ஒரு மரச்சட்டத்தை முதுகில் மாட்டி, அதன்மேல் ஏற்றியிருந்தார்கள். எங்கள் ஊரில் எந்தச் சுமைகாரன் இப்படி ஒரு சட்டத்தை மாட்டினான்? கட்டையில் குந்தியிருந்த ஒருவர் நீண்ட சுங்கானில் புகைத்துக்கொண்டிருந்தார். அந்தச் சுங்கானின் நீளத்தைப் பார்த்தாவது நான் யோசித்திருக்கலாம்.

வீட்டில் சொன்னபோது மனைவி கறி கிண்டுவதை நிறுத்தினாள்.

"வேட்டிக்கும் காற்சட்டைக்கும் வித்தியாசம் தெரியாமலே இவ்வளவு காலமும் சுங்கத்திலை இருந்தனியள்?"

"பிரதி மங்கல்."

"பிரதி மங்கல் இல்லை. கிரிக்கெட் ஓடினது."

நீர் சும்மா இரும் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் சொன்னது உண்மை என்பதால் சொல்லவில்லை.

மறுநாள் கடையக்கா என்னைக் கடையின் பின்பக்கம் கூட்டிப்போனார். பியர்க் குளிர்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு கதிரையில் அவருடைய தந்தை இருந்தார். தொண்ணூற்றொரு வயது, தலையில் கம்பளித் தொப்பி. என்னைப் பார்க்க அவர் தன் முகத்தைப் பக்கவாட்டில் திருப்பினார். பார்வையின் நடுப்பகுதி மறைந்துபோகும் நோய். ஓரத்தால்தான் பார்க்க முடியும். இடக்கண் முடிந்துவிட்டது. வலக்கண்ணில் கோடைகாலம் வரைக்கும் என்ன மிஞ்சும் என்று வைத்தியர் சொல்ல மறுத்துவிட்டாராம்.

"அப்பா அந்தத் துறைமுகத்தில் பிறந்தவர்," என்றார் கடையக்கா. "ஜெமுல்போ. இன்றைக்கு அதற்கு வேறு பெயர், பெரிய நகரம். அப்பாவின் தாத்தா அங்கே சுமைகாரர். இப்படிச் சட்டம் மாட்டித்தான்." அவர் கைகளை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்க் காட்டினார்.

"படத்தைக் காட்டினீர்களா?"

"தொலைபேசியில் எடுத்து வந்தேன். அவருக்குத் தெரியவில்லை. அந்தச் சுவர்ப் படம் தெரியும். அவ்வளவு பெரிசாக இருந்தால் தெரியும்."

"அப்படியென்றால் கூட்டிப்போங்கள். ஐந்து நிமிட நடை."

கடையக்கா தந்தையிடம் ஏதோ கேட்டார். கிழவர் ஒரே வசனத்தில் பதில் சொன்னார். அது மறுப்பு என்பது மொழிபெயர்ப்பு இல்லாமலே விளங்கியது.

"வேறு ஊரின் பெயரை மாட்டிக்கொண்டு நிற்கும் என் தாத்தாவைப் பார்க்க வரமாட்டேன் என்கிறார். பெயரைத் திருத்தட்டும், வருகிறேன் என்கிறார்." பிறகு தயங்கிச் சேர்த்தார்: "எந்த முட்டாள் அந்தப் பெயரை எழுதினான் என்றும் கேட்கிறார்."

"விசாரிக்கிறேன் என்று சொல்லுங்கள்," என்றேன்.

கண்காட்சி மே மாதம் முப்பத்தோராம் திகதி, சனிக்கிழமை முடிகிறது. பிறகு சுவர்ப் படத்தைக் கழற்றிச் சுருட்டிவிடுவார்கள். கிழவரின் கண் அதற்குமேல் காத்திருக்காது. இருந்தது பத்து வாரம். ஏழாம் பிரிவு முப்பது நாள் என்கிறது. விதி என் பக்கம் இருப்பதாக நினைத்தேன்.

படிவத்தை நிரப்பினேன். ஒன்பது பந்தியில் ஒரு விளக்கம் இணைத்தேன். கடல்மட்டம், கால்சட்டை, சுமைச்சட்டம், சுங்கான். எட்டாம் பந்தியில், முந்தைய உறுதிமொழியை வழங்கிய நிபுணர் கவனக்குறைவாக நடந்துகொண்டார் என்று எழுதினேன். ஒன்பதாம் பந்தியில் அந்த நிபுணர் நானே என்று ஒப்புக்கொண்டேன்.

பதிலுக்குக் காத்திருந்த நாட்களில் அந்த ஊரைப் பற்றி வாசித்தேன். வெறும் மீன்பிடிக் குடிசைகளாக இருந்த சேற்றுக்கரை அது. 1883இல் வெளிநாட்டுக் கப்பல்களுக்குத் திறந்துவிட்டார்கள். திறந்தார்களே தவிர, கடல் திறக்கவில்லை. தண்ணீர் முப்பதடி ஏறும், முப்பதடி இறங்கும். கப்பல்கள் வெகு தொலைவில் நங்கூரமிட, சிறு படகுகள்தான் கரைக்கு வரும். அதுவும் கடல் அனுமதித்தால். முதல் வேலையாக ஒரு சுங்க அலுவலகம் அமைத்து, வெளிநாட்டு அதிகாரிகளை இருத்தினார்கள். அந்த அதிகாரிகள்மேல் எனக்கு அனுதாபம் வந்தது. சேற்றில் கதிரை போட்டுப் பதிவேடு எழுதுவது எப்படி இருந்திருக்கும்? தண்ணீர் வரும்வரை சும்மா இருக்கவும், வந்தவுடன் ஓடவும் வேண்டிய உத்தியோகம். எனக்குப் பொருந்தியிருக்கும்.

துறைமுகத்திலிருந்து தலைநகருக்கு மட்டக்குதிரையில் ஒரு நாள் பயணம். தலைநகரைச் சுற்றி மதில். இருட்டியதும் ஒரு பெரிய மணி அடிப்பார்கள். வாசல்களைப் பூட்டிவிடுவார்கள். 'இடம் தெரியவில்லை' படத்தில் இருந்தது அப்படி ஒரு வாசல். மணி அடித்த பிறகு ஆண்கள் தெருவில் நிற்கக்கூடாது. பெண்கள் மட்டும் வெளியே வந்து உலாவுவார்கள், உறவினர் வீட்டுக்குப் போவார்கள்.

இதை மனைவிக்கு வாசித்துக் காட்டினேன்.

"ஒவ்வொரு நாளுமோ?"

"ஓம்."

"ஆம்பிளையள் எல்லாம் வீட்டுக்குள்ளை?"

"ஓம்."

"அப்ப சமையல்?"

"அதைப் பற்றி எழுதேல்லை."

"அதுதானே," என்றாள். "நல்ல சட்டம், ஆனா பாதியிலை விட்டிட்டினம்."

கடைக்குப் போகும்போதெல்லாம் கிழவருக்குப் பக்கத்தில் ஒரு பியர்ப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்காரத் தொடங்கியிருந்தேன். வாசல் பூட்டுவதைப் பற்றிக் கேட்டபோது அவர் சிரித்தார். தலைநகருக்குச் சுமை கொண்டுபோன தாத்தா பலமுறை பூட்டிய பிறகுதான் போய்ச் சேர்ந்தாராம். துறைமுகத்தில் தண்ணீர் பிந்தினால் சுமை பிந்தும், சுமை பிந்தினால் வாசல் பூட்டிவிடும்.

"பிறகு?"

கடையக்கா மொழிபெயர்த்தார். "மதிலில் ஓர் இடத்தில் கயிறு தொங்கும். எல்லாருக்கும் தெரியும். ஏறிப் போய்விடுவார்கள்."

"காவலர்களுக்குத் தெரியாதா?"

"கயிறு அவர்களுடையதாக இருக்கும் என்கிறார் அப்பா."

எனக்கு அந்த நகரத்தின்மேல் மரியாதை பிறந்தது. விதி ஒன்று, அதை மீறுவதற்கு எல்லாருக்கும் தெரிந்த ஓர் இடம் ஒன்று. நல்ல நிர்வாகம்.

முப்பது நாள் கழிந்தது. பதில் இல்லை. நினைவூட்டல் அனுப்பினேன். அதற்கும் இல்லை. நேரே போய்க் கேட்டேன். வரவேற்பு மேசையில் ஓர் இளம்பெண், நல்ல சுபாவம். கணினியில் தேடினாள்.

"உங்கள் கோரிக்கை இருக்கிறது, முசியே. ஆனால் நிபுணரின் உறுதிமொழிக்கு எதிராக இருக்கிறது."

"அந்த நிபுணர் நான்தான்."

"ஓ. அப்படியென்றால் உங்களுக்கும் உங்களுக்கும் இடையில் கருத்து வேறுபாடு."

"அப்படித்தான்."

அவள் இன்னும் கொஞ்சம் வாசித்தாள். "உங்கள் பழைய உறுதிமொழியில் ஒரு முத்திரை இருக்கிறது. புதியதில் இல்லை. எங்கள் பொறுப்பாளர் அந்த முத்திரையை மிகவும் மெச்சினார். மற்றது, முதலில் விண்ணப்பித்தது உங்கள் சங்கம். சங்கம் விலக்கிக்கொண்டால் சுலபம்."

பெறுமதி இல்லை என்று இத்தனை வருடமாகச் சொல்லிக் குத்திய முத்திரையை மதித்த ஒரேயொரு அலுவலகம் இதுதான்.

மே மாத முதல் வாரம் தலைவரைப் பார்க்க நகரத்தின் மேற்கு ஓரத்திலுள்ள பியர்பொன்ட்ஸுக்குப் போனேன். மெட்ரோ, பிறகு இரண்டு பேருந்து. அங்கே வீடு வாங்கியவர்கள் எல்லாரும் கார் வாங்கியவர்கள் என்பதால் பேருந்துக்கு அவசரம் கிடையாது. தலைவர் பின்கட்டில் புல் வெட்டும் இயந்திரத்தைக் குடைந்துகொண்டிருந்தார்.

"வாங்கோ அண்ணை. சொல்லியிருந்தா மெட்ரோவடியிலை வந்து ஏத்தியிருப்பனே."

சொன்னேன். அவர் கையைத் துடைத்தார்.

"கடல் வத்தினா என்ன? கோடையிலை எங்கடை களப்பு வத்துறேல்லையோ?"

"வத்தும். கப்பல் படகு சேத்திலை படுக்கிற அளவுக்கு வத்தாது."

"குடுமி?"

"கொரியாக்காரனும் அந்தக் காலத்திலை குடுமிதான்."

"அண்ணை, மலர் அச்சடிச்சாச்சு. அட்டையே அந்தப் படம்தான். எங்கடை பூட்டனாரைப் பற்றி நாலு பக்கம் எழுதியிருக்கிறன். இப்ப போய் அது கொரியா எண்டால் சனம் என்னை என்ன சொல்லும்? அதுவும் நீங்கள்தானே முத்திரை குத்தினியள்."

"நான்தான். அதுதான் வந்தனான்."

நான் கிழவரைப் பற்றிச் சொன்னேன். கண்ணைப் பற்றி, பெயர் திருத்தாமல் வரமாட்டேன் என்று பிடிவாதமாக இருப்பதைப் பற்றி, முப்பத்தோராம் திகதியைப் பற்றி.

"சரியான விசர்க் கிழவன்," என்றார் தலைவர். குரலில் மெச்சல் இருந்தது. "நானெண்டாலும் போயிருக்கமாட்டன்." இயந்திரத்தை ஓரமாகத் தள்ளிவிட்டு, "எழுதித் தாறன். ஆனா 'ஊர்காவற்றுறையாயும் இருந்திருக்கலாம்' எண்டு கடைசியிலை ஒரு வசனம் போடுவன்."

"போடும்."

சாப்பிட்டுத்தான் போகவேண்டும் என்று நின்று, மெட்ரோவரை காரிலும் கொண்டுவந்து விட்டார். கடிதத்தையும் முத்திரை குத்திய என் புதிய உறுதிமொழியையும் மறுநாளே பதிவுசெய்து கொடுத்தேன். மேசைப் பெண் பெற்றுக்கொண்டதற்கு ஒரு சீட்டும் தந்தாள். 'உங்கள் ஆவணம் உரிய பிரிவுக்கு அனுப்பப்படும்.' இந்த வசனத்தை நானே என் காலத்தில் ஆயிரம் பேருக்கு எழுதியிருக்கிறேன். அதன் பொருள் எனக்குத் தெரியும்.

"நூலகம் என்ன சொல்கிறது?" என்று கடையக்கா ஒவ்வொரு நாளும் கேட்டார்.

"பேந்து," என்றேன்.

"பேந்து," என்று அவர் தந்தையிடம் சொன்னார். தந்தைக்கும் அந்தச் சொல் பழகிவிட்டது.

மே மாத மூன்றாம் வாரத்தில் கிழவர் என்னை வரவேற்க முகத்தைத் திருப்பிய கோணம் மாறியிருந்தது. முன்னர் தோள் பக்கம் திருப்பியவர், இப்போது கிட்டத்தட்டச் சுவரைப் பார்த்தார்.  

நிர்வாகத்துக்கு முறைப்பாடு எழுதினேன். முறைப்பாடு கிடைத்ததற்குத் தானியங்கி அஞ்சல் ஒன்று வந்தது. அதையும் கோப்பில் வைத்தேன். முப்பதாம் திகதி வெள்ளிக்கிழமை காலை, மேசையில் உட்கார்ந்து கோப்பை முதலிலிருந்து கடைசிவரை வாசித்தேன். குறையே சொல்ல முடியாத கோப்பு. எதுவும் நடக்கவில்லை என்பதற்கு இதைவிடத் திறமான சான்று இருக்க முடியாது. வாசல் பூட்டியாகிவிட்டது.

பிறகு அளவுகோலை எடுத்துக்கொண்டு நூலகத்துக்குப் போய், விளக்க அட்டையை அளந்தேன். நீளம், அகலம், எழுத்தின் உயரம். வீட்டுக்கு வந்து அதே மாதிரித் தடித்த அட்டையில் அச்சடித்தேன். 'ஜெமுல்போ துறைமுகம், கொரியா. வற்றுக் காலத்தில் சுமையிறக்கும் தொழிலாளர்.' பிரெஞ்சில் மேலே. அதன்கீழ் கொரிய எழுத்தில் கடையக்கா எழுதித் தந்தது, பிரெஞ்சின் பாதி உயரத்தில். இந்த மாகாணத்தில் பிரெஞ்சு பெரிதாக, மற்றது சிறிதாக இருக்கவேண்டும் என்பது டெப்பனர் வாசலில் பலகை மாட்டுபவருக்கும் தெரிந்த ஒழுங்கு. அட்டைக்குப் பொருந்தாவிட்டாலும் நான் பொருத்தினேன். கீழே முத்திரை.

மனைவி கண்ணாடி போட்டுப் பார்த்தாள்.

"கீழை என்ன எழுதியிருக்கு?"

"கொரிய எழுத்து. ஊரின்ரை பேர்."

"எனக்கே தெரியேல்லை. அந்தாளுக்கு எப்பிடித் தெரியும்?"

அளவு சரி என்று சொல்ல வந்தேன். அளவு சரிதான். அதை மடித்துக் குப்பையில் போட்டுவிட்டு, இன்னொன்று செய்தேன். இந்தத் தடவை கொரிய எழுத்துகள் முதலில், ஒவ்வொன்றும் என் உள்ளங்கை அளவு. பிரெஞ்சு கீழே, இருக்கவேண்டிய மரியாதையோடு, ஆனால் சிறிதாக. என் வாழ்நாளில் தெரிந்தே மீறிய முதல் விதி. பதற்றம் இல்லை என்று சொல்லமாட்டேன்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நூலகம் திறந்தது. பழைய அட்டைமேல் புதியதை நீல ஒட்டுக்களியால் அழுத்திக்கொண்டிருந்தபோது பின்னால் செருமல் கேட்டது. மேசைப் பெண்.

"முசியே, இதை யார் அங்கீகரித்தது?"

"முத்திரை இருக்கிறதே."

அவள் முத்திரையைப் பார்த்தாள். எழுத்துகளின் அளவைப் பார்த்தாள். வாசலில் கடையக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வந்துகொண்டிருந்த கிழவரையும் பார்த்தாள். கிழவர் தொப்பியைக் கழற்றி, தலை வாரி, கழுத்துப்பட்டி கட்டியிருந்தார்.

"அங்கீகாரம் இல்லாத அட்டைகளை அகற்றுவது என் வேலையில்லை," என்றாள். "அது தொழில்நுட்பப் பிரிவின் வேலை. அவர்கள் திங்கட்கிழமை வருவார்கள்." மேசைக்குத் திரும்பிப் போனாள்.

அந்தத் துறையில் அவள் வெகுதூரம் போவாள்.

கிழவர் அட்டைக்கு ஒரு சாண் தூரத்தில் நின்று, முகத்தைச் சுவரோரமாகத் திருப்பி, ஓரக்கண்ணால் எழுத்து எழுத்தாகக் கூட்டினார். கடைசி எழுத்து வந்ததும் ஊரின் பெயரை உரத்துச் சொன்னார். நூலகத்தில் உரத்துப் பேசக்கூடாது என்பது மூன்றாம் பிரிவு. பிறகு படத்தின் நீளத்துக்கு, இடமிருந்து வலமாக, நண்டுபோல் பக்கவாட்டில் நடந்தார். மூன்று முறை. படகுகளை எண்ணினார். சுங்கான்காரரிடம் நின்றார். முன்னால் நிற்கும் குடுமிக்காரரிடம் வந்ததும் நகரவில்லை.

அந்த நேரம் பார்த்து எங்கள் தலைவர் வந்து சேர்ந்தார். கடைசி நாள் என்று இன்னும் நாலுபேரைப் பியர்பொன்ட்ஸிலிருந்து ஏற்றிவந்திருந்தார். அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கிழவர் தலைவரின் பூட்டனாரின் தோளில் விரலை வைத்து மகளிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார்.

"என்னவாம்?" என்றார் தலைவர் மெல்ல.

கடையக்கா சொன்னதை நான் தமிழில் சொன்னேன். "இவர்தான் தாத்தாவா இருக்கவேணுமாம். தோளைச் சரிக்கிற விதம் அப்பிடியே தன்ரை தகப்பனாரின்ரையாம்."

தலைவர் தானும் அறியாமல் சரித்து வைத்திருந்த தன் தோளை நிமிர்த்தினார்.

"வைச்சிருக்கட்டும் அண்ணை," என்றார். "எங்கடை ஆள் கொஞ்சம் கட்டை எண்டு ஆச்சியும் சொல்லுறவ."

கிழவர் இன்னுமொரு வசனம் சொன்னார். கடையக்கா சிரித்தபடி என்னிடம் திரும்பினார். "தண்ணீர் திரும்பி வரப்போகிறதாம். வருவதற்குள் சுமையை இறக்கி முடிக்கவேண்டுமாம். இந்த நேரத்தில் படம் பிடிக்க நின்றால் எப்படி என்று தாத்தாவைக் கோபிக்கிறார்."

போகும் வழியில் மூலையில் இருந்த வாசல் படத்திலும் நின்றார். அதற்கு நான் அட்டை செய்யவில்லை. நான் முத்திரை குத்தாத படம், என் பொறுப்பில் இல்லை. கிழவர் மதிலை ஓரமாகத் தடவிப் பார்த்துவிட்டு ஓர் இடத்தைக் காட்டினார். மகள் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. கயிறு தொங்கிய இடம்.

திங்கட்கிழமை தொழில்நுட்பப் பிரிவு வந்து எல்லாவற்றையும் கழற்றியது. சங்கத்தின் மலர் ஊர்காவற்றுறையோடேயே வெளிவந்தது, உள்ளே ஒரு திருத்தத் துண்டு வைக்கப்பட்டு. துண்டு பெரும்பாலான பிரதிகளிலிருந்து எப்படியோ விழுந்துவிட்டது. கிழவரின் வலக்கண்ணில் ஓகஸ்ட் முடிவில் வெளிச்சமும் இருட்டும் மட்டும் மிஞ்சின. அவர் கதிரையைக் குளிர்பெட்டிக்குப் பக்கத்திலிருந்து கடை ஜன்னலுக்கு மாற்றினார்கள். நான் பியர்ப் பெட்டியையும் அங்கே நகர்த்தினேன். துறைமுகத்தில் எத்தனை படகு கிடந்தது என்று கேட்டால் இன்றும் பதினேழு என்கிறார். நான் எண்ணியதும் பதினேழுதான்.

பிறகு, முதல் பனி விழுந்த கிழமையில், நூலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. மார்ச் மாதக் கோரிக்கைக்குப் பதில். பரிசீலித்தார்களாம். கண்காட்சியின் இறுதி நாளன்று எடுத்த பதிவுப் படங்களின்படி விளக்க அட்டை ஏற்கெனவே சரியாக இருந்ததாம். ஆகையால் நடவடிக்கை எதுவும் தேவையில்லை, கோப்பு மூடப்படுகிறது. இனிவரும் அட்டைகளில் பிறமொழி எழுத்துகளின் அளவைக் கவனிக்குமாறு தங்கள் பிரிவுக்கு அறிவுறுத்தியிருக்கிறார்களாம். என் அக்கறைக்கு நன்றி.

கடைக்குக் கொண்டுபோனேன். நான் பிரெஞ்சில் வாசிக்க, கடையக்கா கொரிய மொழியில் சொல்ல, கிழவர் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு முழுவதையும் கேட்டார். முடிந்ததும் ஒரேயொரு கேள்வி கேட்டார். கடிதம் வந்த திகதி என்ன?

கடித உறையைத் திருப்பி, என் கையால் குறித்து வைத்திருந்ததை வாசித்தேன்: நவம்பர் பதினான்கு, வெள்ளிக்கிழமை. ஏழாம் பிரிவின் முப்பது நாள் எட்டு மாதமாகியிருந்தது.